‘தெரியுதா?’ – தொலைக்காட்சியும் நெருக்கமும்

ஒரே அறையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரே தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குள் நெருக்கம் கூடுகிறதா, குறைகிறதா?

இது பள்ளி விழாக்களில் பட்டிமன்றத் தலைப்பாகப் பலமுறை அடிபட்ட கேள்வி. பட்டிமன்றத்தில் நடுவர் ஏதாவது ஒரு பக்கம் மணியடித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இயற்பியல் வகுப்பில் அப்படி முடிக்க இயலாது. ‘நெருக்கம் என்று எதைச் சொல்கிறாய்? அதை எப்படி அளந்தாய்?’ என்று முதலில் கேட்பார்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் இந்தக் கேள்விக்குள் நுழைவதற்கு ஒரு காரணம் உண்டு. என் சொந்த ஊரில், எங்கள் சொந்த வீட்டில், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி செய்த வேலையைச் சிறுவனாக இருந்தபோது பார்த்தேன். அது என்ன வேலை என்பது இயற்பியல் படித்த பிறகே ஓரளவு புரிந்தது.

மலைக்கு இப்பால் ஓர் ஊர்

எங்கள் ஊர் கீழப்பாவூர். தென்காசிக்குக் கிழக்கே, பாவூர்சத்திரத்தை அடுத்து இருக்கிறது. பெரிய குளம், நரசிம்மர் கோயில், வயல்கள், வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் பெண்கள். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் காற்று எங்கள் ஊர்வரை வந்து ஓலைகளைப் பிய்த்துப் போடும். மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் நிற்கும்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதனால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. சென்னைக் கோபுரத்தின் அலைகள் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துப் போகும், தென்காசி எங்கே? திருவனந்தபுரத்தில் 1980களில் நிலையம் வந்தது. நிலப்படத்தில் அளந்து பாருங்கள்: நேர்க்கோட்டில் அது எங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த நேர்க்கோட்டின் குறுக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைமுகடுகள் நிற்கின்றன. நாங்கள் மலையின் நிழலில் இருந்தோம். வெயிலுக்கு நிழல் இருப்பது போலவே அலைக்கும் நிழல் உண்டு.

அப்படியானால் 1980களில் எங்கள் பக்கத்து மொட்டைமாடிகளில் முளைத்த உயரமான கம்பங்கள் எந்தத் திசையை நோக்கி நின்றன? கிழக்கே, சற்றுத் தெற்காகச் சாய்ந்து. அதாவது கடலை நோக்கி. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியுடன் தொடங்கப்பட்டது. அதன் முதன்மை ஒலி-ஒளிபரப்பிகளை அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில் வைத்தார்கள். தமிழ் நிகழ்ச்சிகள், தமிழ்ச் செய்தி, கிரிக்கெட்டு எல்லாம் அதில் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்தில் பலர் முதன்முதலாகப் பார்த்த தொலைக்காட்சி அதுதான்.

வளைந்த பூமியும் வளைந்த அலையும்

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. எனவே ஓர் உயரத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம்வரைதான் அலை நேராகப் போய்ச் சேரும். பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு இதைக் காணலாம். பூமியின் ஆரம் R, மலையின் உயரம் h என்றால், அடிவானத்தின் தூரம் √(2Rh). R = 6,370 கிலோமீட்டர்; பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர், அதாவது 2.524 கிலோமீட்டர். விடை ஏறத்தாழ 179 கிலோமீட்டர். காற்று அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் இது 207 கிலோமீட்டர்வரை நீளும். ஆனால் பிதுருதலாகலையிலிருந்து கீழப்பாவூர் சுமார் 425 கிலோமீட்டர்!

மீதி 218 கிலோமீட்டருக்கு என்ன செய்வது? அந்த மலையுச்சி எங்களுக்கு நேராகத் தெரிய வேண்டுமானால் எங்கள் மொட்டைமாடியில் ஏறக்குறைய 2,800 மீட்டர் உயரமுள்ள கம்பம் நட வேண்டும். அதாவது இன்னொரு பிதுருதலாகலையைக் கொண்டுவந்து வீட்டின்மேல் வைத்தாலும் போதாது. நாங்கள் நட்டதோ நாற்பதடி இரும்புக் குழாய்.

ஆனாலும் படம் வந்தது. தினமும் அல்ல, சில நாள்களில். அதற்குக் காரணம் மன்னார் வளைகுடாவின் மேலிருக்கும் காற்று. கடல்மட்டத்தை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் மிகுதி. மேலே போகப் போகச் சில நேரங்களில் ஈரம் திடீரென்று குறைந்துவிடும். நிலத்திலிருந்து வீசும் வெப்பமான வறண்ட காற்று மேலே ஒரு போர்வைபோல் படிந்திருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். அப்போது காற்றின் ஒளிவிலகல் எண் உயரத்தோடு சட்டென இறங்குகிறது. அலை கீழ்நோக்கி வளைகிறது. போதிய அளவு வளைந்தால் பூமியின் வளைவோடு ஒட்டியே ஓடத் தொடங்குகிறது. கோடையில் தார்ச்சாலையில் நீங்கள் காணும் கானல் நீரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கீழ்க்காற்று சூடாகி அடர்த்தி குறைந்திருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைகிறது. கடல்மேல் நடப்பது அதன் தலைகீழ் வடிவம். குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதுபோல் அந்தக் காற்றடுக்குக்குள் அலை வெகுதூரம் ஓடும்.

இந்தக் காற்றுக் குழாய் யார் சொன்னாலும் கேட்காது. காற்று ஓய்ந்து வானம் தெளிந்த மாலைகளில் படம் பளிச்சென்று வரும். மறுநாள் அதே நேரம், அதே கம்பம், அதே பெட்டி. திரை முழுக்கப் புள்ளிகள். ‘மழை பெய்யுது’ என்பார்கள் எங்கள் ஊரில். (அந்தப் புள்ளிகளில் மிகச் சிறியதொரு பங்கு, பிரபஞ்சம் தோன்றிய காலத்திலிருந்து வந்து கொண்டிருக்கும் நுண்ணலைகளால் ஆனது. அதை 1965இல் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் கண்டறிந்து அறிவித்தனர். நாங்கள் அதைத் திட்டிக்கொண்டே பெட்டியின் தலையில் தட்டினோம்.)

மொட்டைமாடியில் அப்பா, திரைக்கு முன்னால் பெரியப்பா

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். நடுவில் ஒரே சுவர். ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் கிணறு. பொதுக் கிணற்றில் யார் முதலில் மோட்டார் போடுவது என்ற தகராறு, இரண்டு கோடைகளில் முற்றிப் போய்விட்டது. நாங்கள் பிள்ளைகள் மட்டும் இரு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தோம்.

1987ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெரியப்பா ஒரு சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினார். மரக்கதவு போட்டது. அப்போது எனக்கு எட்டு வயது. கம்பம் நட்டுக் கொடுத்த ஆள் பேருந்து ஏறிப் போய்விட்டார். திரையில் மழையோ மழை. என் அப்பாவுக்குப் பாவூர்சத்திரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை. ஆனால் பெரியப்பா கூப்பிடவில்லை, அப்பாவும் போகவில்லை. மூன்றாம் நாள் ஆச்சிதான் வாசலில் நின்று, “ஏல, உங்க அண்ணன் காசைக் கொட்டிப் பெட்டி வாங்கி வச்சிருக்கான். உள்ளே மழை பெய்யுதாம். போய்ப் பாரு” என்றாள்.

அப்பா போனார். வீட்டுக்குள் போகவில்லை, வெளிப்படி வழியாக நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். கம்பத்தின் உச்சியில் இருந்தது யாகி-உடா ஆன்டெனா. ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் உடா, யாகி ஆகிய இருவர் 1926இல் உருவாக்கிய மீன்முள் போன்ற அமைப்பு. அதன் ஒரே ஒரு முள்ளில்தான் கம்பி இணைக்கப்பட்டிருக்கும். பின்னால் உள்ள முள் அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் உள்ளவை அதை ஒரு திசைக்குக் குவிக்கும். அதனால் தனக்கு முன்னே உள்ள திசையிலிருந்து வருவதை நன்றாக வாங்கும். பக்கவாட்டில் வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். இலங்கைக்குக் கிழக்கே கொஞ்சம் தெற்காகத் திருப்ப வேண்டும். எவ்வளவு தெற்காக? அதை மேலே நிற்பவர் அறிய முடியாது. திரை கீழே, வீட்டுக்குள் இருக்கிறது.

அப்பா மேலே, பெரியப்பா உள்ளே, நான் நடுமுற்றத்தில்.

“தெரியுதான்னு கேளு” என்பார் அப்பா.

“பெரியப்பா, தெரியுதான்னு அப்பா கேக்காவ.”

“கொஞ்சம் கிழக்கே திருப்பச் சொல்லு.”

“அப்பா, கிழக்கே திருப்பணுமாம்.”

இப்படியே ஒரு மணி நேரம். ஒருமுறை திரையில் ஒரு முகம் நன்றாகத் தெரிந்தது. எல்லோரும் கூச்சலிட்டார்கள். அப்பா கம்பத்திலிருந்து கையை எடுத்தார், முகம் போய்விட்டது. கையை வைத்தார், வந்துவிட்டது. இது மாயம் அல்ல. உதாரணமாக 175 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலையின் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். நின்ற மனிதனின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. நம் உடம்போ உப்புநீர் நிறைந்தது, மின்சாரத்தைக் கடத்தும். ஆன்டெனாவை ஒட்டி நிற்கும் ஆள், தான் அறியாமலேயே அதன் இன்னொரு முள்ளாகிவிடுகிறார். அன்று இரவு தமிழ்ச் செய்தி முடியும்வரை அப்பா மொட்டைமாடியில் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றார். உள்ளே இருபது பேர் செய்தி பார்த்தார்கள். அப்பா பார்க்கவில்லை.

அடுத்து வந்த ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். நான் எங்கள் வீட்டில் படுத்திருந்தேன். காற்று கம்பத்தைத் திருப்பிவிட்டிருந்தது. நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லை. மேலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: “தெரியுதாண்ணே?”

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு உள்ளிருந்து, “தெரியுதுல. அப்படியே வையி, அசைக்காத.”

கிணற்றுச் சண்டைக்குப் பின் அவர்கள் நேரடியாகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். இதைச் சொன்னதும் ‘பார்த்தீர்களா, தொலைக்காட்சி குடும்பத்தைச் சேர்த்து வைத்தது’ என்று சிலர் மகிழ்ந்துவிடுவார்கள். பொறுங்கள். கிணற்றுத் தகராறு தீரவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கிணறு வற்றிப்போன பிறகுதான் அது ஓய்ந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஆன்டெனாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். ஆனால் ஆன்டெனாவைப் பற்றி வாரத்தில் நான்கு நாள் பேச வேண்டியிருந்தது.

புரியாத மொழியில் ஒரு நாடகம்

அந்த வீட்டு முன்னறையில் மாலையில் இருபது முப்பது பேர் கூடுவார்கள். பீடி சுற்றும் பெண்கள் சுளவை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். இலை வெட்டுவதும் தூள் வைத்துச் சுருட்டுவதும் நூல் கட்டுவதும் நிற்காது. கண் மட்டும் திரையில். தமிழ் நிகழ்ச்சி முடிந்து சிங்கள நாடகம் தொடங்கினாலும் எழுந்து போக மாட்டார்கள். ஒருவருக்கும் ஒரு சொல் புரியாது. ஆச்சி கதை சொல்லத் தொடங்குவாள். “இவ மாமியாக்காரி. அவளுக்கு இந்த மருமவளைப் பிடிக்கல.” மறுப்பு எழும்: “இல்ல ஆச்சி, அது அவ அம்மை.” வழக்கு நீளும். ஒரே நாடகத்துக்கு மூன்று கதை ஓடும்.

1987 ஜனவரி முதல் 1988 ஜூலைவரை ஞாயிறு காலைகளில் தில்லியிலிருந்து ‘ராமாயண்’ தொடர் ஒளிபரப்பானது. அதன் மொழி இந்தி. 1980களின் பின்பாதியில் கொடைக்கானல் மலைமேல் உயர்திறன் ஒளிபரப்பி வந்த பிறகு எங்கள் கம்பங்களில் பல வடக்கு நோக்கித் திரும்பின. (கொடைக்கானல் எங்களுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான், மேலே சொன்ன சூத்திரத்தில் அதன் உயரமான 2,100 மீட்டரைப் போட்டுப் பாருங்கள்.) இந்தி தெரியாத ஊரில் அந்தத் தொடரை எப்படிப் பார்த்தார்கள் என்று இன்று என் மாணவர்கள் வியக்கிறார்கள். கதை தெரிந்த பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள் என்பதே விடை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஹைகன்ஸின் இரண்டு கடிகாரங்கள்

1665ஆம் ஆண்டு. ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய டச்சு அறிஞர் கிறிஸ்டியன் ஹைகன்ஸ் உடல்நலமின்றிப் படுக்கையில் இருந்தார். அறையில் ஒரே கட்டையில் தொங்கவிடப்பட்ட இரண்டு கடிகாரங்கள். அவற்றின் ஊசல்கள் ஒன்று இடப்புறம் போனால் மற்றது வலப்புறம் என்று அச்சுப் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்துக்குள் மீண்டும் அதே ஒழுங்குக்கு வந்தன. இரண்டையும் தூரத்தில் பிரித்து வைத்தபோது ஒழுங்கு குலைந்தது. கட்டையில் ஏற்படும், கண்ணுக்குத் தெரியாத சிற்றசைவு ஒரு கடிகாரத்தின் செய்தியை மற்றதற்குக் கொண்டு போயிருக்கிறது. இதை ஒத்தியக்கம் என்கிறோம்.

இரண்டு பொருள்கள் ஒத்தியங்க இரு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டையும் வெளியிலிருந்து ஒரே சைகை இயக்குவது. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளே இதற்கு எடுத்துக்காட்டு. ஒரு நொடிக்கு 25 படங்கள், ஒரு படத்துக்கு 625 வரிகள்; வரி தொடங்கும் கணத்தை ஒளிபரப்பி ஒரு துடிப்பின் மூலம் அறிவிக்கும். கீழப்பாவூர்ப் பெட்டியும் கண்டியில் உள்ள பெட்டியும் அந்தத் துடிப்புக்கு ஏற்பவே இயங்கும். ஆனால் ஒரு பெட்டிக்கு இன்னொரு பெட்டி இருப்பதே தெரியாது. மற்றொரு வழி, ஹைகன்ஸின் கடிகாரங்களைப் போல ஒன்றோடொன்று இணைந்து, ஒன்றையொன்று இழுத்து ஒழுங்குக்கு வருவது.

தொலைக்காட்சி பார்க்கும் மனிதர்களிடம் இவற்றில் எது நடக்கிறது?

முதல் வழி நடப்பது அளந்து அறியப்பட்டிருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த யூரி ஹாசனும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பேரை ஒவ்வொருவராகக் காந்த ஒத்ததிர்வு வருடிக்குள் படுக்க வைத்து ஒரே திரைப்படத்தின் அரைமணி நேரப் பகுதியைக் காட்டினார்கள். மூளையின் பல பகுதிகளில் செயல்பாடு ஐவருக்கும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கியது. கவனியுங்கள்: அவர்கள் சேர்ந்து பார்க்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தார்கள். ஐவருக்குள் நட்பு வளர்ந்தது என்று அந்த ஆய்வு சொல்லவும் இல்லை. ஒரே சைகை ஐந்து பெட்டிகளை இயக்கியது, அவ்வளவுதான். செய்தித்தாள்கள் இத்தகைய முடிவுகளை ‘மனங்கள் ஒன்றாகின்றன’ என்று தலைப்பிட்டு வெளியிடும்போது எனக்கு எரிச்சலே வரும்.

இரண்டாம் வழியை ஆராய்ந்தவர்களும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் டன்பரின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. மனத்தை உருக்கும் படம் ஒன்றை ஒரு கூட்டத்துக்கும், உணர்ச்சியற்ற ஆவணப்படங்களை வேறொரு கூட்டத்துக்கும் காட்டினார்கள். படத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் அமர்வதுபோல் எவ்வளவு நேரம் வலி பொறுக்கிறார்கள் என்று அளந்தார்கள். (சில பள்ளிகளில் இது தண்டனையாக இருந்ததுண்டு, அறிவியலுக்கும் பயன்படும் என்று அன்று யாருக்குத் தெரியும்?) வலியைத் தணிக்கும் எண்டார்பின்கள் மூளையில் சுரக்கின்றனவா என்பதை மறைமுகமாக அறியும் வழி இது. உருக்கமான படத்தைப் பார்த்தவர்கள் சராசரியாகக் கூடுதல் நேரம் தாங்கினார்கள். உடன் பார்த்த அந்நியர்களிடம் நெருக்கம் கூடியதாகவும் சொன்னார்கள். ஆவணப்படக் கூட்டத்தில் அப்படி இல்லை. சேர்ந்து சிரிப்பதும் இதே விளைவைத் தருகிறது என்று அந்தக் குழு முன்பே காட்டியிருந்தது. ஆனால் இந்த நெருக்கம் எத்தனை நாள் நிற்கும் என்பது சுவரில் சாய்ந்து அளக்கக்கூடியது அல்ல.

எங்கள் ஆச்சியின் வேலைக்கு மிக அருகில் வருவது 1977இல் இஸ்ரேலில் கவ்ரியல் சாலமன் வெளியிட்ட ஆய்வு. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்குமாறு சில தாய்மார்கள் ஊக்குவிக்கப்பட்டார்கள். தாயோடு பார்த்ததன் பயன் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் நன்றாகத் தெரிந்தது. நிகழ்ச்சி எல்லோருக்கும் ஒன்றே. பக்கத்தில் ஆள் இருந்ததுதான் வேறுபாடு.

எதிர்ப்பக்கச் சாட்சியையும் மறைக்கக் கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973வரை தொலைக்காட்சி எட்டாத ஒரு சிற்றூர் இருந்தது. அதன் உண்மைப் பெயரை மறைத்து ‘நோடெல்’ என்று அழைத்த ஆய்வாளர்கள், தொலைக்காட்சி வருவதற்கு முன்னும் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்தும் அங்கே சென்று அளந்தார்கள். டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் 1986இல் தொகுத்து வெளியிட்ட நூலில் முடிவுகள் உள்ளன. தொலைக்காட்சி வந்தபின் ஊர்ப் பொது நிகழ்ச்சிகளில் மக்கள் கலந்துகொள்வது குறைந்தது. குறிப்பாக வயதானவர்கள் வருவது குறைந்தது. பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடியது. எங்களைப் போலவே மலைநிழலில் இருந்த ஊர் அது என்பதால் இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. எங்கள் தெருவிலும் பெட்டி வந்தபின் திண்ணைப் பேச்சு குறைந்தது உண்மைதான். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேட்க வந்த கூட்டத்தில் பாதி, பத்து மணிக்கு முன்பே எழுந்து போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் முடிவு இது. தொலைக்காட்சி தரும் ஒரே சைகை நம்மை ஒன்றாக ஆட வைக்கும். நெருக்கமாக்குவது கட்டையில் ஓடும் சிற்றசைவு. ‘தெரியுதா?’ என்ற கேள்வி, ஆச்சியின் கட்டுக்கதை, பக்கத்திலிருப்பவரின் சிரிப்பு, பீடிச் சுளவைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுப்பது ஆகியவைதான் அந்த அசைவு. 1987இல் எங்கள் ஊரில் அலை பலவீனமாக இருந்தது, மொழி புரியவில்லை, பெட்டி ஒன்றுதான் இருந்தது. இந்த மூன்று குறைகளும் சேர்ந்து எங்களைப் பேச வைத்தன.

குறைகள் தீர்ந்தபின்

1990களில் கேபிள் வந்தது. தமிழிலேயே நாள் முழுவதும் நிகழ்ச்சி. படம் கண்ணாடிபோல் தெரிந்தது. பெரியப்பா வீட்டுக் கம்பத்தை அப்பாவே இறக்கினார். குழாய் கொஞ்ச காலம் அவரைப்பந்தலுக்குக் காலாக நின்றது. பிறகு எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி வந்தது. 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்ணப் பெட்டிகள் இலவசமாக வழங்கப்பட்டன. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் ஏழைப் பிள்ளையின் கூச்சம் அதனால் போயிற்று. அதை நான் குறைசொல்ல மாட்டேன்; நானே அப்படி நின்ற பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவன். இருபது பேர் கூடிய முன்னறை நான்கு பேர் முன்னறை ஆனதும் அதனோடு வந்த மாற்றமே.

இன்று நான்கு பேர் கையிலும் நான்கு செல்பேசிகள். இதில் ஓர் இயற்பியல் வேடிக்கை உண்டு. 1987இல் பிதுருதலாகலையிலிருந்து அலை எங்கள் வீட்டுக்கு வர எடுத்துக்கொண்ட நேரம் 425 கிலோமீட்டரை ஒளியின் வேகத்தால் வகுத்தால் வரும்: சுமார் 1.4 மில்லி விநாடி. மொட்டைமாடியிலிருந்து அப்பாவின் ‘தெரியுதா’ பத்து மீட்டர் கடந்து முன்னறைக்கு வர ஏறக்குறைய 30 மில்லி விநாடி. இலங்கையின் படம், மாடியிலிருந்து வரும் குரலைவிட விரைவாக வந்தது! தெருவில் எத்தனை பெட்டி இருந்தாலும் எல்லாவற்றிலும் விக்கெட்டு ஒரே கணத்தில் விழும். தெரு முழுவதும் ஒரே கூச்சல்.

இணையம் வழியாக வரும் நேரடி ஒளிபரப்பு அப்படி அல்ல. படம் துண்டு துண்டாகச் சுருக்கப்பட்டு, சேமிக்கப்பட்டு, கருவியை வந்தடைவதற்குள் பல விநாடிகள், சில வேளை அரை நிமிடம்கூடத் தாமதமாகும். அதுவும் கருவிக்குக் கருவி வேறுபடும். பக்கத்து வீட்டில் ‘அவுட்டு!’ என்று கத்துவார்கள். நம் செல்பேசியில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குவார். ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே ஆட்டத்தை வெவ்வேறு விநாடிகளில் பார்க்கிறார்கள். சேர்ந்து திடுக்கிடுவது அங்கே இயலாது.

நீங்களே அளந்து பாருங்கள்

இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். ஒரு வாரம், வீட்டார் எல்லோரும் ஒரே திரையில் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கும் நேரத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை தடவை ஒருவரோடு ஒருவர் பேசினார்கள் என்று கோடு போட்டுக் குறியுங்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் அவரவர் தம் செல்பேசியைப் பார்க்கும்போது குறியுங்கள். விளம்பர இடைவேளையைத் தனிப் பத்தியில் போடுங்கள்; அப்போது பேச்சு கூடுவது நிகழ்ச்சியால் அல்ல. கிரிக்கெட்டையும் தொடரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். திட்டுவதையும் பேச்சாகவே எண்ணுங்கள், ஆனால் வேறு குறியிடுங்கள். முடிந்தால் மூன்றாம் வாரமும் வேண்டும்: யாருக்கும் முழுவதும் புரியாத மொழிப்படம் ஒன்றை எழுத்து உரையில்லாமல் ஓடவிட்டு எண்ணுங்கள். ஆச்சி செய்ததை உங்கள் வீட்டில் யார் செய்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. எண்ணுகிறோம் என்று வீட்டாருக்குத் தெரிந்தால் அவர்கள் பேச்சு மாறிவிடும். தெரியாமல் எண்ணினால் அது மரியாதை அல்ல. ‘இந்த மாதம் ஒரு கணக்கு எடுக்கிறேன்’ என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி, என்ன கணக்கு என்பதை முடிந்தபின் நோட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். என் மாணவி ஒருத்தி அப்படிக் காட்டியபோது அவள் தாத்தா நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தமக்குரிய கோடுகள் குறைவாக இருக்கின்றன, மறுபடி எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.